பெரியப்பா ஐஸில் விளையாடிய காலம்

நிலம் கூட்டும் தும்புத்தடியின் தும்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் தடியால் ஒரு பழைய ரெனிஸ் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டு நிற்கிறார் அண்ணை. பந்து திரும்பி வரும், தடியால் மறிப்பார், இரண்டு எட்டு வைத்து மறுபடி அடிப்பார். அகதி முகாமின் பின்பக்கத்துச் செங்கல் சுவர் அது. கையுறை இல்லை. யாரோ டெனிஷ்காரர் உடுத்துக் கழித்த நீளக் கோட்டு முழங்காலுக்குக் கீழே தட்டுப்படுகிறது. வாயிலிருந்து ஆவி போகிறது. நான் மேல்மாடி யன்னலில் நின்று, இந்தச் சத்தத்துக்கு யாராவது வந்து பேசப்போகிறார்களே என்று பயந்துகொண்டு பார்க்கிறேன். டென்மார்க்கில் எங்கள் முதல் குளிர்காலம் என்றால் எனக்கு முன்னுக்கு வந்து நிற்பது அந்தக் காட்சிதான்.

பிள்ளைகளே, அந்த அண்ணைதான் உங்கள் பெரியப்பா. ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போய் மேடையில் நிற்கிறவர், கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறவர் என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்களே, அவரேதான். அவர் ஒரு காலத்தில் ஐஸ் ஹொக்கி விளையாடினார் என்று போன கிழமை நான் வாய்தவறிச் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. மூத்தவன் டெனிஷில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

எங்கள் முகாம் கிரின்ஸ்டெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. முன்பு விடுதியாக இருந்த கட்டிடம். அறைக்கு நான்கு பேர். வேலை செய்ய விடமாட்டார்கள். காத்திருப்பதுதான் வேலை. பொலிஸ் கூப்பிட்டு விசாரிக்கும், பிறகு கொப்பன்ஹேகனில் யாரோ எங்கள் முகத்தைப் பார்க்காமலே முடிவு எழுதுவார்கள், அது ஒரு நாள் தபாலில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியாது. அண்ணையின் கேசும் என் கேசும் ஒன்றாகவே போனது. அவருக்கு அனுமதி கிடைத்தால்தான் யாழ்ப்பாணத்தில் நின்ற உங்கள் பெரியம்மாவையும், அப்போது கைக்குழந்தையாக இருந்த அக்காவையும் கூப்பிட முடியும். அங்கே ஷெல் விழுந்தது என்று ரேடியோவில் கேட்ட நாட்களில் அண்ணை சாப்பாட்டுக் கோப்பையைத் தொடமாட்டார். நித்திரையும் இல்லை. நாங்கள் எல்லோரும் மூச்சு விடவும் யோசித்த காலம் அது. ரோட்டைக் கடக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும், பச்சை வரும்வரை பனியில் நின்று நடுங்குவோம். பேரில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் போதும், பிளேனில் ஏற்றிவிடுவான் என்பதுதான் முகாமில் பேச்சு.

அந்தப் பந்துச் சத்தம் கேட்டு வந்தவர், முகாமின் சூடாக்கிக் குழாய் திருத்த வந்த பைப் வேலைக்காரர். நான் பயந்தபடியே யாரோ வந்துவிட்டார்கள். அண்ணை உடனே தடியைச் சுவரில் சாத்திவிட்டு, தெரிந்த ஒரே டெனிஷ் சொல்லால் மன்னிப்புக் கேட்டார். அந்த மனுசன் தடியை எடுத்துத் தானும் ஒரு அடி அடித்துப் பார்த்தார். மறு கிழமை தன் வான் வண்டியில் வரும்போது ஒரு உண்மையான மட்டையும், ஒரு சோடி சறுக்குச் சப்பாத்தும் கொண்டுவந்தார். ஊருக்கு வெளியே இருந்த ரெனிஸ் மைதானத்தில், குளிர் இறங்கியதும் அவரும் கூட்டாளிகளும் தண்ணீர் விசிறி ஐஸ் போடுவார்கள். ஒரேயடியாக ஊற்றக்கூடாது, உள்ளே காற்று நின்று வெடித்துவிடும். மெல்லிசாக விசிறி, உறைந்த பிறகு மறுபடி விசிறவேண்டும். சுற்றிவரப் பலகை அடித்திருந்தார்கள். மரம் அரியும் மில்லில் இரண்டு பேர், ஒரு தபால்காரர், ஒரு வாத்தியார் என்று எல்லோரும் வேலை முடிந்து வந்து ஆசைக்கு விளையாடுகிறவர்கள். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. அந்த வருசங்களில் குளிர் அப்படிப்பட்ட குளிர். கடலே உறைந்து கிடந்தது.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்து அணியில் ஹொக்கி விளையாடியவர் அண்ணை. ஆனால் அது புல்லில் விளையாடுகிற ஹொக்கி. ஐஸில் கால் வைத்த முதல் நாள் அவர் நின்றதைவிட விழுந்து கிடந்ததுதான் அதிகம். சப்பாத்து பெரிது, மூன்று காலுறை போட்டார். முழங்காலுக்குக் கீழே டெனிஷ் பேப்பரை மடித்துக் கட்டினார். நான் பலகைக்கு வெளியே நின்று, "கை கால் முறிஞ்சா ஆர் பாக்கிறது, வாங்கோ அண்ணை" என்று கத்துவேன். அவருக்குக் கேட்காது. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஓடப் பழகிவிட்டார். ஒரு பழக்கத்தைத்தான் அவரால் விட முடியவில்லை. புல் ஹொக்கியில் பந்து காலில் பட்டால் பிழை. ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக ஓடும் றப்பர் வில்லை காலில் பட்டால் ஒன்றுமில்லை. அண்ணையோ அது தன் சப்பாத்தில் பட்டவுடன் ஓட்டத்தை நிறுத்தி, கையை உயர்த்திக்கொண்டு நின்றுவிடுவார். யாரும் காணாவிட்டாலும் தானே சொல்லிவிட வேண்டும் அவருக்கு. வில்லை மற்றவனிடம் போய் கோல் விழும். மில்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அண்ணையும் சிரிப்பார். முகாமில் நான் காணாத சிரிப்பு. அன்றைக்கு வந்து படுத்தால் விடியும்வரை நித்திரை. ஒரு நாள் முகம் கழுவும்போது விசிலடித்தார். பிறகு நான் பார்த்துவிட்டேன் என்று கண்டதும், ஏதோ களவு பிடிபட்ட ஆள்போல நிறுத்திக்கொண்டார்.

அடுத்த குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊர் அணியோடு மச். முகாமில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் தானமாகக் கிடைத்த கோட்டுகளைப் போட்டுக்கொண்டு பார்க்கப் போனோம். எங்களில் ஒருவன் டெனிஷ் அணிக்கு விளையாடுகிறான் என்றால் சும்மாவா? ஆனால் போய் நின்றதும் நான் மற்றவர்களுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். பலகைக்கு அருகே ஆட்கள் இருக்க ஒரு நீள வாங்கு. அதில் கையில் நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு இருந்தவர் ஊர்ப் பொலிஸ்காரர். முகாமுக்கு வந்து எங்கள் பத்து விரலையும் மையில் அழுத்தி எடுத்த அதே ஆள். வேலை முடிந்து நேரே வந்திருக்கவேண்டும், உடுப்பும் மாற்றவில்லை. அவர் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல, தொப்பியைக் கழற்றினோம்.

எதிரணியில் ஒருவர் லொறி ஓட்டுகிறவர். கதவு அளவு ஆள். அண்ணையிடம் வில்லை வரும்போதெல்லாம் தோளால் இடித்துப் பலகையோடு சாத்துவார். அது அந்த விளையாட்டில் அனுமதித்த காரியம் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. முதல் தரம் அண்ணை எழும்பினார். இரண்டாம் தரமும் எழும்பினார். மூன்றாம் தரம் விழுந்தபோது தலைக்கவசம் கழன்று உருண்டது. முழங்காலில் நின்றபடி நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தைக் கண்டதும் எனக்கு யாழ்ப்பாணத்து நினைவு வந்தது. நாட்டை விட்டு வருவதற்கு முன், ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் அவரைச் சந்தியில் முழங்காலில் இருத்தி, உங்கள் பெரியம்மாவின் கண்ணுக்கு முன்னால் அடித்தார்கள். அன்றைக்கு அவர் கையைக்கூட உயர்த்தவில்லை. இப்போது உயர்த்தினார். கையுறை எங்கே போனது என்று தெரியாது. ஒரே குத்து. லொறிக்காரரின் மூக்கிலிருந்து வெள்ளை ஐஸில் இரத்தம் கொட்டியது. நடுவர் விசிலடித்து, அண்ணையைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் இருத்தினார். எங்கே? அந்த வாங்கில். பொலிஸ்காரருக்குப் பக்கத்தில். பொலிஸ்காரர் அவருடைய பேரைக் கேட்பதும், அண்ணை குனிந்துகொண்டு சொல்வதும் எங்களுக்குத் தெரிந்தது. சுற்றி நின்ற டெனிஷ்காரர்கள் கைதட்டினார்கள். எங்கள் ஆட்களில் ஒருவரும் அசையவில்லை.

அன்று பின்னேரம் முகாம் குசினியில் யாரும் சமைக்கவில்லை.

"பொலிசுக்குப் பக்கத்திலை கொண்டுபோய் இருத்தினவங்கள். என்ர ரெண்டு கண்ணாலையும் கண்டனான்."

"பேரும் கேட்டவன்."

"பின்னை என்ன, நாளைக்குக் கொப்பன்ஹேகனுக்கு அறிவிச்சிடுவான்."

"பெட்டியைக் கட்டு மச்சான். சறுக்குச் சப்பாத்தையும் மறக்காமல் வை. கட்டுநாயக்கா எயாப்போட்டிலை இறங்கின உடனை ஆமிக்காரன் பிடிக்கமுந்திச் சறுக்கிக்கொண்டு போகலாம்." சொன்னவன் முகாமின் பகிடிக்காரன். அன்றைக்கு அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

எனக்குக் கோபம் அடக்க முடியவில்லை. "உங்கட விளையாட்டு அண்ணை. உங்களோடை சேத்து என்னையும் அனுப்பப்போறாங்கள். மச்சாளும் பிள்ளையும் இனி எங்கை வாறது?" என்றேன். அண்ணை மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அடிச்சது பிழைதானடா" என்றார். அவ்வளவுதான்.

அப்போதுதான் விதானையார் தொண்டையைச் செருமினார். ஊரில் விதானையாராக, கிராமத்துக்குப் பொறுப்பான அரசாங்க ஆளாக இருந்து, வயதுபோன காலத்தில் எங்களோடு வந்து அகப்பட்ட மனுசன். "ஊரிலை மண்டை உடைஞ்ச கேசெல்லாம் நான் வீட்டு முத்தத்திலை வைச்சே தீர்த்தனான். அடிபட்டவன் முறைப்பாடு குடுக்கமுந்தி அவன்ர வாசல்லை நாங்கள் நிக்கவேணும். அவன் மனம் இரங்கிட்டான் எண்டால் பொலிசுக்கு என்ன வேலை? பெரிய மனுசர் நாலுபேர் போகவேணும். வெறுங்கையோடை போகப்படாது." அந்த நேரத்தில் அது எங்களுக்குத் தேவவாக்கு. லொறிக்காரரின் வீடு எங்கே என்று பைப்காரரிடம் கேட்டேன். சினேகிதம் பிடிக்கப் போகிறோம் என்று நினைத்து அந்த மனுசன் சந்தோசமாக வழி சொன்னார்.

கிழமை நாட்களில் அவர் லொறியோடு போய்விடுவார் என்பதால், சனிக்கிழமை காலை பஸ் எடுத்துப் போனோம். விதானையார், அண்ணை, நான், இன்னும் இரண்டு பேர். முகாம் குசினியின் தகரத் தட்டில் வாழைப்பழம் அடுக்கி, பனி படாமல் துணியால் மூடி, விதானையார் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். வீடுகளின் யன்னல் திரைகள் அசைந்தன. கதவை ஒரு பெண் திறந்தார். எங்களைக் கண்டதும் உள்ளே திரும்பி ஏதோ கத்தினார். லொறிக்காரர் வந்தார். மூக்கில் பெரிய பிளாஸ்ரர், இரண்டு கண்ணைச் சுற்றியும் நீலம். அண்ணையை அடையாளம் கண்டதும் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். நான்தான் மொழி தெரிந்தவன். தெரிந்தது என்றால், முகாம் வகுப்பில் படித்த பத்துச் சொல். விதானையார் பின்னாலிருந்து, "முதலிலை பொலிசுக்குப் போகவேண்டாமெண்டு சொல்லு, அதுதான் முக்கியம்" என்று நெருக்கினார். நான் சொன்னேன்: "பொலிஸ் வேண்டாம். பொலிஸ் வேண்டாம்."

யோசித்துப் பாருங்கள். நீங்கள் மூக்குடைந்து வீட்டில் இருக்கிறீர்கள். உடைத்தவன் ஐந்து பேராய் வாசலில் நிற்கிறான். எல்லோருக்கும் நீளக் கோட்டு. ஒருவர் கையில் துணியால் மூடிய ஏதோ ஒன்று. பொலிசைக் கூப்பிடாதே என்கிறான். நீங்கள் என்ன செய்வீர்கள்? அதைத்தான் அவரும் செய்தார். கதவு படாரென்று சாத்துப்பட்டது. உள்ளே டெலிபோன் சுழற்றும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

ஓடலாம் என்று ஒருவர் சொன்னார். "ஓடினால் குற்றம்" என்றார் விதானையார். நின்றோம். பஸ்சும் இனி மத்தியானம்தான். எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது, என் கால் விரல்கள் விறைத்து மரத்துப்போயின. பொலிஸ் கார் வந்தது. இறங்கியவர் அதே ஆள். அண்ணை எங்களுக்கு முன்னால் போய், ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டு நின்றார், விலங்கு போடச் சொல்லி. "தம்பிக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லு" என்று என்னிடம் சொன்னார். தம்பி நான்தானே, நான் எப்படி அதைச் சொல்வேன்?

பொலிஸ்காரர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு விதானையாரின் தட்டைப் பார்த்தார். துணியை ஒரு விரலால் தூக்கினார். வாழைப்பழத்தைக் கண்டதும் துணியைத் திரும்ப மூடினார். உள்ளே போய் லொறிக்காரரோடு கதைத்துவிட்டு வந்து, எனக்கு விளங்கும்படி ஆறுதலாக இங்கிலிஷில் சொன்னார். உன் அண்ணன் அடித்தான். அதற்குத் தண்டனை ஐந்து நிமிசம், வெளியே இருந்தான். எழும்பிப் போனான். அதோடு முடிந்தது. விளையாட்டில் நடந்ததற்கு நான் பொலிஸ் இல்லை, பேர் எழுதி நேரம் பார்க்கிறவன் மட்டும்தான். நான் அதைத் தமிழில் சொன்னேன். அண்ணை நம்பவில்லை. "திருப்பிக் கேள்" என்றார். திருப்பிக் கேட்டேன். மனுசன் திருப்பியும் அதையே சொன்னார். லொறிக்காரர் வெளியே வந்து ஒரு வாழைப்பழத்தை உரித்தார். வாயைத் திறந்து மெல்ல மூக்கு நொந்திருக்கவேண்டும், முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதையும் தின்று முடித்தார். அவருடைய மனுசி கோப்பி ஊற்றித் தந்தார். பனி மூடிய முற்றத்தில் பொலிஸ்காரரும் நாங்களுமாக நின்று குடித்தோம். மற்ற இரண்டு பேரும் பஸ்சுக்கு நிற்க, அண்ணையையும் விதானையாரையும் என்னையும் பொலிஸ்காரர் காரில் கொண்டுவந்து முகாமில் இறக்கினார். நல்ல எண்ணத்தில்தான். பொலிஸ் காரிலிருந்து நாங்கள் இறங்குவதை யன்னல்களில் நின்று பார்த்தவர்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பிறகு எங்களை மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டபோது, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். அண்ணை நடந்தது முழுவதையும் சொன்னார். மொழிபெயர்த்தவர், "இதைச் சொல்லத்தான் வேணுமோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "சொல்லுங்கோ" என்றார் அண்ணை. அதிகாரி கேட்டுவிட்டு, மச்சில் வென்றது யார் என்று மட்டும் விசாரித்தார். நாங்கள்தான் தோற்றது. அந்த வசந்தத்தில் இரண்டு பேருக்கும் அனுமதி வந்தது.

ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அண்ணை ஐஸில் கால் வைக்கவில்லை. அடுத்த குளிர்காலமும் நல்லாய் உறைந்தது. நாங்கள் அப்போது அதே ஊரில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். பைப்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் வானை நிறுத்தி ஹோன் அடிப்பார். அண்ணை குளியலறைக்குள் போய் இருந்துகொள்வார். நான்தான் வெளியே போய், தடிமன், காய்ச்சல் என்று ஏதாவது சொல்லி அனுப்பவேண்டும். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன், ஒருத்தரும் மறிக்கவில்லையே, பிறகு ஏன் என்று. "அவங்களுக்கு அஞ்சு நிமிசத்திலை முடியுது. எனக்கு முடியேல்லையடா" என்றார். பிறகு, "அவள் அங்கை பிள்ளையோடை பங்கருக்குள்ளை இருக்கிறாள். நான் இங்கை சந்தோசமா ஓடித் திரிஞ்சனான்" என்றார். அப்போதுதான் அந்த விசில் ஏன் நின்றது என்று எனக்கு விளங்கியது. பொலிசுக்கு மட்டும் பயந்த மனுசன் இல்லை அவர்.

இப்போது அவர் இக்காஸ்ட் ஊரில் பென்சன் எடுத்துக்கொண்டு இருக்கிறார். தைக்கிற தொழிற்சாலையில் அத்தனை வருசம் ஷிப்ட் செய்தும் ஒரு நாள் பிந்திப் போனதில்லை. பொலிஸ் கார் பக்கத்தால் போனால் கை தானாகச் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தடவும். அதற்குச் சிரியுங்கள், பரவாயில்லை. இதையும் தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

உங்கள் பெரியம்மாவும் அக்காவும் வந்து இறங்கியது எண்பத்தேழு இலையுதிர்காலத்தில். எங்களிடம் கார் இல்லை. பைப்காரர் தன் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். முன்னுக்கு அவரும் நானும். பின்னுக்கு அண்ணையும் பெரியம்மாவும், நடுவில் அக்கா நித்திரை. புருசனும் மனுசியும் அந்நியர்போல ஆளுக்கொரு யன்னல் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பைப்காரருக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. கண்ணாடியில் பெரியம்மாவைப் பார்த்து, கையை ஆட்டி ஆட்டி, உன் புருசன் எங்கள் அணியில் எவ்வளவு கெட்டிக்காரன், எப்படி ஓடுவான் என்று டெனிஷில் கொட்டினார்.

"என்னவாம் சொல்லுறார்?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார்.

கண்ணாடியில் அண்ணையின் முகம் வெளுத்துப்போய் இருந்தது. "அண்ணை நல்ல வேலைக்காரனாம் மச்சாள்" என்றேன்.

"பொய் சொல்லாதை தம்பி" என்றார் அண்ணை. பிறகு, மனுசியைப் பார்க்காமல், முன் சீற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஐசிலை விளையாடினனான். ரெண்டு குளிர்காலம். நீர் அங்கை கிடக்கேக்கை நான் விளையாடித் திரிஞ்சனான்."

ஒரு ஊர் கழிந்தது, இன்னொரு ஊர் கழிந்தது.

"விழுந்தனீங்களோ?"

"கனதரம்."

"ஆரும் அடிச்சவங்களோ?"

"ஒருத்தன் இடிச்சு விழுத்தினவன்."

"நீங்கள்?"

"திருப்பி அடிச்சனான்" என்றார் அண்ணை. "மூக்கு உடைஞ்சு போச்சு."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். பெரியம்மா பிள்ளைக்கு மேலால் கையை நீட்டி, அண்ணையின் வலது கையை எடுத்து, மடித்து வைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். "நல்லா அடிச்சனீங்களோ?" என்று கேட்டார். அந்தக் கையைப் பிறகு விடவில்லை.

அவர் என்ன சொன்னார் என்று பைப்காரர் என்னைக் கேட்டார். அதை டெனிஷில் சொல்ல எனக்குச் சொல் வரவில்லை. இப்போதும் வராது. அடுத்த மச் எப்போது என்று கேட்கிறா என்றேன். மனுசன் ஸ்ரியரிங்கில் தட்டிச் சிரித்தார். தண்ணீர் உறையட்டும், அடுத்த நாளே என்றார். அதை நான் பெரியம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மழை. அதற்கு அடுத்ததும் அப்படித்தான். பெரியம்மா விடிய எழும்பியதும் யன்னலைத் திறந்து, வெறுங்கையை வெளியே நீட்டிக் குளிரைப் பார்ப்பார். பிறகு உள்ளே திரும்பி, "இண்டைக்கும் குளிர் காணாது, உறையாது" என்பார்.